மூன்றாவது பூ

வாசலில் நின்ற வேப்பமரத்தை வெட்டக் கிட்டுசாமிக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று கேட்டதும் நாகஜோதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிட்டுசாமி பனியன் கம்பெனி முதலாளி. அவள் குடியிருக்கும் லைன் வீடுகளும் அவருடையவைதான். தகரக் கூரை, சித்திரை வெயிலில் உள்ளே மனுஷர் உட்கார முடியாது. பகலெல்லாம் அவள் அந்த வேம்படியில் கைக்குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டுதான் பனியன்களுக்குப் பிசிர் நூல் வெட்டுவாள். இப்போது பக்கத்துக் கம்பெனிக்கு வரும் கண்டெய்னர் லாரி திரும்ப அந்த இடம் வேண்டுமாம்.

மரம் வெட்டச் சட்டம் இருக்கிறது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவதாக ஒப்பந்தம் போட வேண்டும். எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. குடியிருப்பவர்கள் சார்பில் சம்மதித்தவர், வீட்டுக்காரர் கிட்டுசாமி! வாடகைக்கு இருப்பவர்களை மனிதரில் சேர்க்கவில்லை போலும். நல்ல சட்டம், நாசமாய்ப் போகட்டும்.

மறுநாள் விடிந்ததும் அவளும் பக்கத்து வீட்டு ராக்கம்மாளும் மரத்துக்கு மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை கட்டி, பொட்டு வைத்தார்கள். கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு வேறு எந்த வக்கீல் வருவார்? மரம் வெட்ட வந்த ஆட்கள் ஆத்தாளைப் பார்த்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கிட்டுசாமிக்குச் சாமி பயம் உண்டு. "ஏனுங்க அம்மிணி, சண்டை எதுக்குங்க? ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தா வெட்டறேன். செவப்பு வந்தா விட்டுப்போடறேனுங்க" என்றார்.

நாகஜோதி ஒத்துக்கொண்டாள். அவள் செய்த முட்டாள்தனம் அதுதான். சாமி முன்னால் சொன்ன சொல்லை யார் மாற்றுவார் என்று நம்பினாள்.

பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து மரத்தடியில் வைத்தார். கிட்டுசாமியின் பேத்தி கீர்த்தனா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. ராக்கம்மாள் குலவையிட்டாள்.

"ஆத்தா வெளையாடறா. மறுக்காக் கேளுங்க சாமி" என்றார் கிட்டுசாமி பூசாரியிடம்.

மறுபடியும் சிவப்பு.

"இன்னொருக்காக் கேளுங்க."

வெள்ளை வந்தது. "பாத்தீங்களா, உத்தரவு குடுத்துட்டா!" என்று கிட்டுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு தடவ மாட்டேன்னுச்சே மொதலாளி, அது ஒங்க கணக்குல வராதாக்கும்?" என்று நாகஜோதி கத்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. அதான் பத்துக் கன்னு வெக்கறனுங்களே." அந்த மரியாதை அவளைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

மத்தியானத்துக்குள் மரம் கீழே கிடந்தது. வெயில் நேராக இறங்க, பிள்ளை வீறிட்டு அழுதது. நாகஜோதி அதைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குள் நடந்தாள். வாட்ச்மேன் தடுத்ததைக் காதில் வாங்கவே இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்த முதலாளி அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். அவர் மேசைமேல் கிடந்த சாம்பிள் பனியன்களை விரித்து, அவற்றின்மேல் பிள்ளையைப் படுக்க வைத்தாள்.

கிட்டுசாமி பதறி எழுந்தார். "ஏனுங்க அம்மிணி, என்னங்க இது?"

"நீங்க வைக்கப் போற கன்னு வளந்து நெழல் தர்ற வரைக்கும் எம்புள்ள இங்கனதான் தூங்கும். நான் ஒங்ககிட்டக் கேக்கல மொதலாளி, சொல்லுதேன்."