அத்தான் கழுத்துக்கு ஒரு மஃப்ளர்

என் அக்கா வீட்டுக்காரர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. "அடுத்தவங்க தலையையே பார்த்துக்கிட்டிருந்தா நம்ம தலையை எங்க கவனிக்கிறது" என்பார். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அவர் முன்னால் மட்டும் அது நிற்காது.

வாத நோயில் அவருடைய கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலை முன்பக்கம் குனிந்தபடியே நின்றுவிட்டது. அதையும் அவர் சட்டை செய்யவில்லை. தன் தொழிலுக்குக் குனிந்த தலைதான் வசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த வருடம் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கத்தரி நழுவி வாடிக்கையாளர் மடியில் விழுந்த அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்ததில்தான் அக்கா அரண்டுபோய் எனக்குப் போன் செய்தாள்.

நரம்பு எங்கே அழுந்துகிறது என்று எம்.ஆர்.ஐ. படத்தில் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றார் அறுவை மருத்துவர். படம் எடுக்கும் இடத்திலோ தலையையும் கழுத்தையும் மூடும் பிளாஸ்டிக் கூண்டுக்குள் குனிந்த கழுத்து நுழையவில்லை. போன இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

அந்தக் கூண்டு சமாசாரம்தான் ஆய்வகத்தில் என் பிழைப்பு. அதற்குள் இருக்கும் கம்பி வளையங்களுக்குக் காயில் என்று பெயர். காந்தத்துக்குள் படுத்திருக்கும் உடம்பிலிருந்து மிக மெல்லிய ரேடியோ அலை வரும். காயில் அதைக் கேட்டால்தான் படம். தள்ளி நின்று கேட்டால் ஒன்றும் விளங்காது, உடம்பை ஒட்டி இருக்கவேண்டும். கழுத்துக்காகக் கூண்டா, கூண்டுக்காகக் கழுத்தா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கூண்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு மஃப்ளர் தைத்தேன். துவளும் கம்பியை வளையம் வளையமாகப் பருத்தித் துணியில் வைத்துத் தைத்தேன். பக்கத்து வளையங்கள் ஒன்றின் பேச்சில் மற்றொன்று குறுக்கிடும், நானும் அக்காவும் பேசுவதைப் போல. ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் சரியான அளவுக்கு ஏறினால்தான் இரண்டும் அடங்கும். அதற்காக எத்தனையோ முறை பிரித்துப் பிரித்துத் தைத்தேன். பிறகு இயந்திரத்தின் அலைவரிசைக்கு ஒவ்வொரு வளையத்தையும் சுருதி சேர்த்தேன். உடம்பருகே போனால் சுருதி மாறும் என்பதால் என் கழுத்திலேயே கட்டிக்கொண்டு படுத்தேன். எங்கள் ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்து, "குளிருதா?" என்றார். எங்கும் சுடாது என்ற சோதனைகளெல்லாம் முடிந்து, அனுமதியும் வந்தது.

அத்தானைத் தலையணைகள் அடுக்கிப் படுக்கவைத்து, மஃப்ளரைக் கட்டி இயந்திரத்துக்குள் அனுப்பினோம். திரையில் மணலை வாரி இறைத்ததுபோல ஏதோ வந்தது.

"என்னம்மா கம்பிக்காரி, உள்ள என்ன தெரியுது?" என்று மைக்கில் கேட்டார்.

"ஒண்ணும் தெரியலை அத்தான். ஆடாம படுங்க."

"உள்ள ஒண்ணுமே இல்லையா? உங்க அக்கா ரொம்ப நாளா அதைத்தானே சொல்றா!"

என் பக்கத்தில் நின்ற அக்கா சிரிக்கவில்லை. அவரை வெளி அறைக்குக் கூட்டிவந்து, மஃப்ளர் கழுத்தில் இருந்தபடியே அதன் வயரைச் சுருதி பார்க்கும் பெட்டியில் சொருகினேன். திரையில் ஓடும் கோட்டில் ஒரு பள்ளம் விழும். சுருதி சேர்ந்திருந்தால் அது நடுவில் நிற்கவேண்டும். இப்போது அது ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. என் கழுத்தில் நட்டநடுவில் நின்ற பள்ளம்! எரிச்சலில் தலையைச் சொறியப் போனேன். விரல்கள் கொண்டையில் சிக்கின.

ஆய்வகத்தில் நான் அன்று கொண்டையை அவிழ்த்து, முடியைப் பரப்பிவிட்டல்லவா படுத்திருந்தேன்! என் கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மெத்தையே இருந்தது. அத்தானுடைய பிடரியோ மொழுமொழுவென்று கிடந்தது. கம்பி தோலோடு ஒட்டிச் சுருதி இறங்கிவிட்டது.

"அக்கா, உன் சால்வையைக் குடு!"

"எதுக்குடி?"

"உன் புருஷனுக்கு முடி வைக்கப்போறேன். அதுல ஊக்கு கீக்கு இருந்தா எடுத்துடு, காந்தம் இழுத்துடும்."

சால்வையை மடித்துப் பிடரியில் வைத்து அதன்மேல் மஃப்ளரைக் கட்டினோம். பள்ளம் நகர்ந்தது. இன்னொரு மடிப்பு. இன்னும் நகர்ந்தது. "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று அக்காவே கத்த ஆரம்பித்துவிட்டாள். நட்டநடுவில் வந்து நின்றதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "போதும்" என்றோம்.

மறுபடி உள்ளே அனுப்பி எடுத்த படத்தில் எலும்பு, எலும்புக்கு நடுவே உள்ள தட்டு, நரம்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் நான் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டேன். அறுவை மருத்துவர் வந்து பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க மட்டும்தான் எலும்பு துருத்திக்கிட்டு நரம்பை அழுத்துது. அதைச் செதுக்கி எடுத்துடலாம். விரல்ல பிடிப்பு திரும்பிடும்னு நம்பிக்கை இருக்கு."

அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். திட்டலாமென்று வாயைத் திறந்த நானும் அழுதேன்.

அத்தான் இடுப்போடு பின்னால் சாய்ந்து திரையை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாருக்கும் பின்னாடி கண்ணாடியைப் பிடிச்சுக் காட்டி, சரியா இருக்கான்னு கேட்டிருக்கேன். என் பிடரியை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் கடை நாற்காலியில் உட்கார்ந்த வாடிக்கையாளரின் தோரணையில் மருத்துவரிடம் சொன்னார்:

"அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் குறைச்சிடுங்க டாக்டர். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."