பேடக் என்றால் வயல்

“பேடக்னா வயல்தானே மகா?” என்று ராம்கி வந்து நின்றபோது மகா டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தாள். ஆங்கில விளம்பரங்களை மற்ற மொழிகளில் மாற்றித் தரும் அந்த எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் தமிழ்ப் பிரிவுக்கு ராம்கிதான் தலைவன். அவன் இடத்தை விட்டு எழுந்துவந்து அவளிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறான். கையிலிருந்த போனில் கார்ப் பந்தய விளம்பரம் ஒன்று தெரிந்தது. உயர்ந்த விலைச் சீட்டு வாங்குகிறவர்கள் பேடக்கில் பந்தய வீரர்களைச் சந்திக்கலாமாம்.

அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மகாவின் பெயரே பேடக்தான்.

போன வருஷம் ஓர் ஆஸ்திரேலிய விதைக் கம்பெனியின் வேலை வந்தது. குதிரைகளை மேயவிட வேலி போட்டு அடைத்த புல்வெளிக்கு ஆங்கிலத்தில் பேடக் என்று பெயர். ஆஸ்திரேலியாவிலோ கோதுமை விளைகிற நிலத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். மகா அதைத் தேடித் தெரிந்துகொண்டு ‘வயல்’ என்று எழுதியிருந்தாள். ராம்கி அகராதியில் முதல் அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ‘குதிரைப் பட்டி’ என்று மாற்றி அவள் பெயரிலேயே அனுப்பிவிட்டான். குதிரைப் பட்டியில் கோதுமை விதையுங்கள் என்று அச்சாகிப் போனது. கம்பெனிக்காரர்கள் கொதித்தபோது, மேனேஜர் வனஜாவிடம், “மகா பண்ணது மேடம். ஊர்லேர்ந்து வந்தவங்க, இங்கிலீஷ் கொஞ்சம் வீக்” என்றான். அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மறுநாள் கேன்டீனில் “என்ன பேடக், சாப்டாச்சா?” என்று முதலில் கூப்பிட்டவனும் அவன்தான். எல்லோரும் சிரித்தார்கள். மகாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்தச் சொல்லின் மேலிருந்த வெறுப்பிலேயே அதன் அர்த்தங்களையெல்லாம் தேடிப் படித்தாள். குதிரைப் பந்தயத்தில், ஓடப்போகும் குதிரைகளை நடத்திக் காட்டுகிற இடம் பேடக். பழைய ஆங்கிலத்தில் தவளைக்கும் தேரைக்கும்கூட அதே பெயர். கார்ப் பந்தயத்தில், தடத்துக்குப் பின்னால் வண்டிகளும் மெக்கானிக்குகளும் வீரர்களும் இருக்கிற வளாகம். இப்போது ராம்கி கேட்பது அதைத்தான்.

“நீ அன்னிக்கு வயல்னுதானே சொன்னே? சும்மா கன்ஃபர்ம் பண்ணிக்கறேன்.”

அவன் முகத்தைப் பார்த்தாள். நக்கல் ஏதுமில்லை, அவசரம்தான் இருந்தது. அவளுக்குச் செய்ததை அவன் மறந்தே போயிருந்தான் என்பதுதான் அவளைச் சுட்டது.

“ஆமா ராம்கி, வயல்தான்” என்றாள். அன்று தயிர்சாதம் அவ்வளவு ருசியாக இருந்தது.

பத்து நாளில், ஓசூர் தாண்டியதும் நெடுஞ்சாலையில் வரிசையாகப் பேனர்கள் எழுந்தன. ‘வயலில் பந்தய வீரர்களை நேரில் சந்திக்கலாம்!’ பந்தயக் காருக்கு ஏர் பூட்டியும், ஹெல்மெட் போட்டவனுக்குக் கோவணம் கட்டியும் படங்கள் போன் போனாகப் பரவின. மகா ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பந்தயக்காரர்களின் புகார் வந்த மறுநாள், வனஜாவின் கண்ணாடி அறைக்குள் ராம்கி போவதைப் பார்க்கவென்றே சீக்கிரம் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ராம்கி போனான். ஆனால் அவனுக்கு முன்னால், துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, கிருத்திகா போனாள். புதிதாகச் சேர்ந்த பெண். ஹெப்பகோடியிலிருந்து தினமும் மகாவோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். இந்த முறை ராம்கி தன் மொழிபெயர்ப்பைக் கிருத்திகாவின் பெயரில் அனுப்பியிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராம்கியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. கிருத்திகா தலையைக் குனிந்திருந்தாள். ராம்கி என்ன சொல்கிறான் என்பது மகாவுக்குக் கேட்காமலே தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மகாவை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. மகா எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள்.

“இவ எழுதல மேடம், ராம்கிதான் எழுதினாரு. என்கிட்ட வந்து கேட்டாரு. வயல்னு சொன்னது நான்.”

“தப்புன்னு உனக்குத் தெரியாதா மகா?”

“தெரியும் மேடம். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“ஏய், பைத்தியமா உனக்கு?” என்று ராம்கி எழுந்தான்.

“என்கிட்ட கேட்டீங்களா இல்லியா?”

“கேட்டேன், ஆனா...”

வனஜா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை மகா நிதானமாக, ஒரு துளி விடாமல் பார்த்தாள். “குதிரைப் பட்டியும் இவர் கைவேலைதான் மேடம்” என்றாள்.

“கிருத்திகா, நீ வெளிய போம்மா” என்றாள் வனஜா. “நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க.”

சாயங்காலம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு மகா இறங்கி வந்தாள். ராம்கியின் அட்டை அவளுடையதற்கு முன்பே செக்யூரிட்டி மேசையில் கிடந்தது. வேலை போன பயத்தை விடவும் அந்தக் காட்சிதான் நெஞ்சில் தித்திப்பாக நின்றது.

பஸ் நிறுத்தத்தில் கிருத்திகா நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“மேடம் கூப்பிட்டதுமே வேலை போயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்க்கா. அங்க ஒரே அழுகை. போகலைன்னு மேடம் அப்புறம்தான் சொன்னாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த ஃபைல் என் பேர்ல போகும்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

மகா அதை யோசித்திருக்கவே இல்லை. “தெரியாதும்மா” என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கிருத்திகா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூட்டத்தில் நெருக்கி மகா அவள் அருகே வந்து கம்பியைப் பிடித்தாள். கிருத்திகா நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.