மயிலை தேடிய கை

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே தோட்டம் தோட்டமாகப் போய் மாடு கறக்கிற பூபதிக்கு, நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு பசுமாட்டை முன்னிட்டுப் பொறாமை வந்தது.

கண்ணாத்தாள் தோட்டத்துச் சாம்பல் நிற மயிலை அது. மூன்று ஈத்தாக, மூன்று கன்று ஈன்ற காலமாக, அவன் கைதான் அதன் மடியில் பட்டிருந்தது. கறவை மெஷினை மாட்டிப் பார்த்தார்கள். சத்தத்துக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கண்ணாத்தாளின் மகன் கறக்கப் போய் முழங்காலில் தழும்பு வாங்கினான். பூபதி போய் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உட்கார்ந்தால்தான் பால் இறங்கும். ஊரில் யார் எதைப் பேசினாலும் அவன் இந்தக் கதையைக் கொண்டுவந்து நுழைத்துவிடுவான். மாமனார் வீட்டு எழவிலேயே ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

இந்த மார்கழி அதைக் கெடுத்தது. நாலரைக்கு சைக்கிளை எடுத்தால் பால் வண்டி வருவதற்குள் ஆறு தோட்டம் முடிக்க வேண்டும். அதில் கண்ணாத்தாள் தோட்டத்துக்கு ஏரிக்கரை மேலேயே மூன்று கிலோமீட்டர். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வருகிற காற்றில் ஹேண்டில் பார் கையைக் கடிக்கும். இறங்கும்போது விரல்கள் பிடித்த பிடியிலேயே விறைத்திருக்கும். ஒவ்வொன்றாக நீட்டிவிட வேண்டும். அப்படி ஒரு காலை, நேரமாகிவிட்டதே என்று அந்தக் கையோடு காம்பைத் தொட்டான். மயிலை உதைத்தது, பால் பிடிக்கிற போசி உருண்டது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் உதைக்கக்கூட இல்லை. பாலை மடியிலேயே அடக்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தது.

கண்ணாத்தாள் அவன் விரலைத் தொட்டுப் பார்த்தாள். "ஏஞ்சாமி, பொணத்துக் கையாட்டம் இருக்குது. பனி முடியட்டும். அதுவரைக்கும் கௌதமன் கறக்கட்டும்."

கௌதமன் அவனைவிடப் பத்து வயது இளைய கறவைக்காரன். அவனுக்கும் சைக்கிள்தான், அவன் வருவதும் அதே ஏரிக்கரை வழிதான். ஆனால் அவன் மச்சான் திருச்செங்கோட்டில் லாரிக்கு சீட் தைக்கிறவன். மிச்சமான ரெக்சினில், உள்ளே கம்பளித் துணி வைத்து, இரண்டு உறை தைத்துக் கொடுத்திருந்தான். அவற்றை ஹேண்டில் பாரின் இரு முனையிலும் பிரேக்கோடு சேர்த்து மூடிக் கட்டியிருந்தான் கௌதமன். தலையணை உறைக்குள் விடுவதுபோலக் கையை உள்ளே விட்டால் போதும், எந்தக் காற்றும் அண்டாது. அடுப்போரம் உட்கார்ந்து எழுந்தவன் கையோடு அவன் வந்து இறங்குவான்.

பூபதி சும்மா இருக்கவில்லை. மனைவி கலைமணியின் பழைய ஸ்வெட்டரின் கைப்பகுதியை வெட்டித் தன் கைகளில் மாட்டிக்கொண்டான். பனியில் நனைந்து அது இன்னும் சில்லிட்டது. பிறகு தலைவலித் தைலத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு போனான். முதல் தோட்டத்து மாடு தும்மியது. பால் சொசைட்டியில் அளந்து வாங்குகிறவர் கேனை மோந்து பார்த்துவிட்டு, மாட்டுக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், கௌதமனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவர் இன்னொன்றும் சொன்னார். மயிலை இப்போதெல்லாம் கௌதமனின் கழுத்தை நக்குகிறதாம்.

பூபதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்று ஈத்தில் தன் சட்டைக் கையை ஒரே ஒருமுறை நக்கியிருக்கிறது. அதுவும் தவிடு ஒட்டியிருந்ததால். கழுத்தையா? எப்படி? குனிந்து கொடுத்தானா, அதுவே தேடி வந்ததா? இரவெல்லாம் அந்தச் சொரசொரப்பான நாக்கு வேறொருவன் கழுத்தில் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கலைமணி என்னவென்று கேட்டாள். மாடு என்று எப்படிச் சொல்வது? நெஞ்சுக்கரிப்பு என்றான்.

அடுத்த நாள் சொசைட்டி வாசலில் கௌதமனின் சைக்கிள் தனியாக நின்றது. கௌதமன் உள்ளே பால் ஊற்றிக்கொண்டிருந்தான். பூபதி எதையும் தீர்மானிக்கவில்லை. எந்த வேலைக்கும் மடங்காத விரல்கள், உறைகளின் நான்கு முடிச்சுகளை ஒரு மூச்சில் அவிழ்த்துவிட்டன.

மறுநாள் ஊரைத் தாண்டியதும் உறைகளைத் தன் சைக்கிளில் கட்டினான். உள்ளே கம்பளி மெத்தென்றிருந்தது. அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல முதலில் கூசியது. ஒரு மைல் போனதும் கூச்சம் போய்விட்டது. மூன்றாவது தோட்டத்தில் இருக்கும்போது கண்ணாத்தாள் போன் செய்தாள். கௌதமன் கை விறைத்துப்போய் வந்தானாம். மயிலை உதைத்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டதாம். மடி கனத்துக்கொண்டு மாடு நிற்க முடியாமல் தவிக்கிறது, ஓடி வா என்றாள்.

கௌதமனின் மணிக்கட்டு அவன் மனதில் தங்கவே இல்லை. ஏரிக்கரையில் அப்படி மிதித்ததில்லை அவன். சைக்கிளை மாடு கட்டுகிற கட்டுத்தரை வாசலிலேயே சாத்திவிட்டு உள்ளே ஓடினான். முதுகில் ஒரு தட்டு, பிறகு கை. மயிலை தோலைச் சிலிர்த்தது, அவ்வளவுதான். பால் இறங்கியது. போசியில் நுரை ஏற ஏற அவனுக்குக் கண் கலங்கியது.

"நாளையிலிருந்து நீயே வந்துரு சாமி" என்றாள் கண்ணாத்தாள்.

வெளியே வந்தபோது கௌதமன் பூபதியின் சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்தான். மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது. நல்ல கையால் ரெக்சின் உறையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கை வெதுவெதுன்னு இருந்துச்சுங்களாண்ணா?"

பூபதி போசியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். "இருந்துச்சு."

"வெச்சுக்குங்க. பனி போனதுக்கப்புறம் குடுங்க. இந்தக் கையோட நா எங்க சைக்கிள் ஓட்டறது." வண்டித்தடத்தில் இறங்கி நடந்தான். அவன் நடையில் கோபம் இருக்கிறதா என்று பூபதி தேடிப் பார்த்தான். இல்லை.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருந்தால் உருண்டிருக்கலாம். திருடியவனிடம் இப்படிப் பேச ஒருத்தனுக்கு மனம் எங்கிருந்து வருகிறது? பூபதியின் கையில்தான் இப்போது எல்லாமே இருந்தன, மாடும் உறையும். இருந்தும் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

இன்னும் இரண்டு தோட்டம் பாக்கி. சைக்கிளில் ஏறி, உறைக்கு வெளியே பிடிக்க இடம் தேடினான். பிரேக்கும் உள்ளேதான் இருந்தது. வேறு வழியில்லாமல் கைகளை உள்ளே விட்டான். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.