இருட்டறையில் ஒன்பது ஆடுகள்

நாற்பத்தொரு மணி நேரமாக, அண்ணனும் அண்ணியும் படுக்கும் அறையில் ஒன்பது செம்மறிகள் நின்றுகொண்டிருந்தன. கட்டில் கூடத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஜன்னலில் இரண்டு போர்வைகள், கதவிடுக்கில் அண்ணியின் பழைய துணி. பொட்டு வெளிச்சம் உள்ளே போகக் கூடாது.

"கல்யாணமான புதுசுலகூட இந்த ரூம் இவ்வளவு இருட்டா இருந்ததில்ல" என்றாள் அண்ணி. யாரும் சிரிக்காததால் அவளே கொஞ்சம் சிரித்துக்கொண்டாள்.

எல்லாம் உண்ணிச்செடி செய்த வேலை. மேய்ச்சலுக்குப் போகும் வழியில் அது புதராக மண்டிக் கிடக்கும். அதன் இலை ஆட்டுக்கு விஷம். புதர் தொடங்கும் இடத்தில் அண்ணன் ஒவ்வொரு ஆட்டுக்கும் வாயில் வலைக்கூடை மாட்டுவான். ஒற்றை மரத்தைத் தாண்டியதும் கழற்றிவிடுவான். பத்து வருஷமாக அதே மரம். இந்த வருஷம் மழை பொய்த்துப் புல் கருகியது. உண்ணி மட்டும் மரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. அண்ணனின் கை, பழக்கத்தில், அதே மரத்தடியில் கூடைகளைக் கழற்றியது. ஆடுகள் பசியில் இருந்தன.

கால்நடை டாக்டரிடம் போனில் பேசியது தங்கைதான். போன் என்றாலே அண்ணனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கரித்தூளைக் கரைத்து ஊற்றச் சொன்னார் டாக்டர். வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், இருட்டில் வையுங்கள் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அவள் திரும்பி முதல் இரண்டைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் கட்டிலைத் தூக்க ஆரம்பித்திருந்தான். மூன்றாவது அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இப்போது அவன் கதவை இடுக்காகத் திறந்து வெளியே வந்தான்.

"பாப்பா, காது வீக்கம் நல்லா வத்திருச்சு. தொட்டுப் பார்த்தேன்."

"தின்னுச்சாண்ணே?"

"நாளைக்குத் தின்னும்."

அவள் உள்ளே போனாள். வாசலோரம் நின்ற ஆட்டின் இடப்பக்க வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். நல்ல ஆடாக இருந்தால் உள்ளே குடமுருட்டுவது போல் அசைவு தெரியும். காதையும் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வைத்த தழை வைத்தபடியே காய்ந்திருந்தது.

வெளியே எதிர்வீட்டுக்காரியின் குரல் கேட்டு எழுந்து வந்தாள். முற்றத்துப் பட்டியில் நாலு குட்டிகள் கிடந்தன. உள்ளே நிற்கும் தாய்களுக்குப் பால் வற்றியதிலிருந்து கத்திக் கத்தி, இன்று காலை கத்துவதையும் விட்டிருந்தன. புட்டிப் பாலை வாயில் வைத்தாலே துப்பின.

"என் ஆட்டுல நாலு, குட்டிய இழந்துட்டு மடியில பால் கட்டி நிக்குது" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "இதுங்கள குடு, ஊட்டிக்கிறேன். இப்பவே குடுத்தாதான். வண்டி வந்துட்டா மந்தையோட வெளியூர் மேய்ச்சலுக்குக் கிளம்பிடுவோம்."

"தாய் உசுரோட நிக்கும்போது குட்டிய ஏன் பிரிக்கணும்?" என்றான் அண்ணன். "ரெண்டு நாள்ல பால் ஊறும்."

"ரெண்டு நாள் இதுங்க தாங்கணுமே."

"தாங்கும். வீக்கமே வத்திருச்சுங்கறேன்."

"வீம்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றாள் அண்ணி, பாதி அவனிடம், பாதி கட்டிலிடம்.

எதிர்வீட்டுக்காரி முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. சின்னக் குட்டி எழுந்திருக்கப் பார்த்து, முன்னங்கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்தது.

"அக்கா, நில்லுங்க" என்றாள் தங்கை. பிறகு அண்ணனைப் பார்க்காமல், கதவிடுக்குத் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இருட்டு தோலுக்கு மட்டுந்தாண்ணே. உள்ள ஈரல் போயிருச்சு. ஒண்ணுகூடப் பொழைக்காதுன்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு."