முதல் அச்சு

தருமன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் எழுத்தர். எண்பதுகளில் இங்கிலாந்தில் வந்த நியூ வேவ் பாப் இசைத்தட்டுகள் என்றால் அவனுக்கு உயிர். அந்த ஊர் ஆசிரமத்துப் பக்கம் வருஷக்கணக்கில் வீடெடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டே ஒரு பீரோவை நிரப்பியிருந்தான். சாப்பிடும்போதுகூட அதே பேச்சுதான். அவன் மனைவி ஆதிலட்சுமி குழம்பை ஊற்றிக்கொண்டே "உம்" கொட்டுவாள்.

தொண்ணூற்றெட்டு ஜூனில் ஒரு நாள், செங்கம் ரோட்டு இங்கிலாந்துக்காரம்மா மதியமே ஊருக்குக் கிளம்புகிறாள் என்று தகவல் வந்தது. அவன் ஆறு வருஷமாகத் தேடும் ஆல்பம் அவளிடம் இருந்தது. ஆனால் ஆபீஸில் ஜமாபந்தி, வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை. லீவு கிடைக்கவில்லை.

"நீ போய் வாங்கியாந்துடு ஆதி" என்று ஆல்பத்தின் பேரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக இசைத்தட்டை எடுத்தான். அட்டை ஓரம் கிழிந்து, மேலே வட்டமாய் டீக்கறை. முகம் சுருங்கிவிட்டது.

"ஒண்ணுதான் இருந்துச்சா?"

"ரெண்டு இருந்துச்சு. இன்னொண்ணு புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஒண்ணுதான் எடுத்துக்கணும்னாங்க. இத எடுத்தேன்."

"சரி, பரவால்ல" என்றான் தருமன். குரலில் உயிரில்லை.

ஆதிலட்சுமிக்குச் சுருக்கென்றது. "அட்டையப் பாத்து இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போடறீங்க? தட்ட எடுத்துப் பாருங்க."

அவள் தட்டை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பாட்டு முடிந்து ஊசி சும்மா ஓடும் வளையத்தில் பொடியாய்க் கீறிய எழுத்துகள்.

"ஏ ஒண்ணு. அந்தப் பக்கம் பி ஒண்ணு. பளபளன்னு இருந்ததுல ஏ நாலுன்னு போட்டிருந்துச்சு. ஒண்ணுன்னு இருந்தாத்தானே மொத அச்சு?"

தருமன் தட்டை வாங்கி அந்த எழுத்துகளைப் பார்த்தான். "உனக்கு எப்படி...?"

"ஒம்போது வருசமா சோத்துத் தட்டுக்கு முன்னாடி வேற இன்னா பேசனீங்க?"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வெறும் "உம்" என்று நினைத்திருந்தானே!

தட்டைச் சுழலவிட்டதும் முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டாள். "இன்னா சொல்றான்னே புரியல. தாளம் மட்டும் ஜோரா இருக்குது" என்றாள்.

அடுத்த மாதம் அவன் தட்டு தேடி மெட்ராஸுக்குப் புறப்பட்டபோது, பழைய புடவையில் தைத்த துணிப்பையோடு அவளும் பஸ் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.