கண் சிமிட்டாத லோதார்

1

இந்தக் கதை எனக்குக் காய்கறிக் கடை வரிசையில் கிடைத்தது. வியன்னாவில், என் தெருவிலேயே. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். கையிலிருந்த முட்டைக்கோஸை அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை.

"அன்று மாலை வியன்னாவில் பனி மெல்ல

(வேண்டாம். பனி விழாமல் இந்த ஊரில் கதையே நடக்காதா?)

பெரியவருக்கு லோதார் ப்ரோகாஷ்கா என்று பெயர் வைத்தேன். நாற்பது வருடமாகப் படங்களில் பிணவறைக் காவலாளி, நிலவறை வைத்திருக்கும் டாக்டர், சவப்பெட்டியிலிருந்து எழுந்து மணி கேட்பவர்.

2

லோதாரின் தொழில் ரகசியம் இதுதான்: ஒன்றுமே செய்யக்கூடாது. மற்ற வில்லன்கள் உறுமுவார்கள். லோதார் கண் சிமிட்டாமல், கையை அசைக்காமல், தணிந்த குரலில் "உட்காருங்கள்" என்பார். தியேட்டரில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

பேத்தி ரோஸ்ல் படிக்கும் மழலையர் பள்ளிக்கு டிசம்பரில், நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு தரும் புனிதர் நிக்கோலாஸ் வருவார்: வெள்ளைத் தாடி, உயரத் தொப்பி, மூட்டை நிறைய ஆரஞ்சு. கூடவே கெட்ட பிள்ளைகளை மிரட்டும் கிராம்புஸ் பேய், கொம்பும் சங்கிலியுமாக. வழக்கமாக நிக்கோலாஸ் வேஷம் போடுபவருக்குக் கால் சுளுக்கு. ஆயுளில் ஒரு தடவையாவது நல்லவனாக வரவேண்டும் என்று லோதார் மகளிடம் கெஞ்சினார்.

"ரோஸ்ல் பர்த்டேக்கு வந்து மூலையில உக்காந்திருந்தீங்களேப்பா, ஞாபகம் இருக்கா? மூணு பிள்ளைங்க கேக்கு சாப்பிடாமயே ஓடிட்டாங்க," என்றாள் குத்ரூன்.

"நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா."

"அதாம்ப்பா பிரச்சினை."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். ஒரு குழந்தை அழுதால்கூட, இனி அவர் பிறந்தநாளுக்கு நேரில் வரக்கூடாது, பரிசெல்லாம் தபாலில் வந்தால் போதும்.

(முதலில் குத்ரூனைக் கல்நெஞ்சக்காரியாகத்தான் எழுதினேன். பிறகு யோசித்தேன்: இந்த அப்பா வாசலில் நின்றால் எந்தத் தோழி வீட்டுக்கு வந்திருப்பாள்? பாவம் அவள்.)

3

கதவு திறந்தது. லோதார் உள்ளே வந்து நின்றார். பிள்ளைகளைப் பார்த்தார். "நீங்கள் எல்லோரும்... நல்ல குழந்தைகளா?" என்றார்.

ஒரு பையன் செய்யாத குற்றத்தையெல்லாம் ஒப்புக்கொண்டான். இன்னொருத்திக்கு உதடு பிதுங்கியது. பின்னால் கிராம்புஸ் சங்கிலியை உலுக்கிக்கொண்டு, நாக்கைத் தொங்கவிட்டு, உறுமியபடி நுழைந்தது. வேஷத்துக்குள் இருந்தது டிராம் ஓட்டும் ஃபெர்டல். பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிப்போய் அந்தப் பேயின் ரோமத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

"எதாவது பண்ணுங்க லோதார், சும்மா நிக்காதீங்க," என்று ஃபெர்டல் கிசுகிசுத்தான்.

லோதார் மிரண்டுபோனார். மிரண்டவருக்குக் கைகொடுத்தது தெரிந்த தொழில்தான். இன்னும் அசையாமல் நின்றார்.

4

இங்கே மூன்று நாள் மாட்டிக்கொண்டேன்.

முடிவு அ: லோதார் வாழைப்பழத் தோலில் வழுக்கி

(அவரிடம் இருப்பது ஆரஞ்சு.)

முடிவு ஆ: குத்ரூன் கண்கலங்கி, "அப்பா, நீங்க

(இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.)

நான் திணறிக்கொண்டிருக்கும்போதே ரோஸ்ல் பேயின் காலிடுக்கிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள்.

"தாத்தா, வீட்ல சாவீங்களே, அந்த மாதிரி சாவுங்க."

வீட்டில் அவளுக்காக மட்டும் அவர் சாகும் சாவு ஒன்று உண்டு. தொண்டையில் கொரகொரப்பு, காலில் உதறல், கண் உருட்டல், நாக்கு வெளியே, நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சாவது. அத்தனையும் படுமட்டமான நடிப்பு. எந்த இயக்குநர் கேட்டிருந்தாலும் செய்திருக்க மாட்டார். இப்போதோ சுவரோரம் குத்ரூன் நிற்க, மற்ற பெற்றோர் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நாற்பது வருட மானம். இந்தப் பக்கம், பேயின் ரோமத்துக்குள், அந்த உதடு பிதுங்கிய சிறுமி. அழுகை வந்துகொண்டிருந்தது.

லோதார் தொப்பியைக் கழற்றிப் பேயின் கொம்பில் மாட்டினார். நெஞ்சைப் பிடித்தார். மூட்டை நழுவி ஆரஞ்சுகள் அறை முழுக்க உருண்டன. நாற்பது வருடத்தில் முதல்முறையாக, எல்லோர் முன்னாலும், கண்ணைப் படபடவென்று சிமிட்டினார்.

அவர் எவ்வளவு நேரம் சாகவேண்டும் என்பதை ரோஸ்லும் நீங்களும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். குத்ரூன் சிரித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மேஜைக்கு அடியில் ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து அவளுடைய செருப்பு மட்டும்தான் தெரிகிறது, அது குலுங்குகிறது.