கட்டி விரித்த கைக்குட்டை

என் மனைவி சுகந்தியின் மார்பிலிருந்த கட்டி எங்களுக்கு முன்பே ஸ்கேன் சென்டருக்குப் போய், கைக்குட்டை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தது. ஒரு இடம்தான்.

"நீங்க நில்லுங்க," என்றாள் சுகந்தி. நின்றேன்.

கட்டி புளியங்கொட்டை அளவு. பெயரைக் கூப்பிட்டதும் அவளுக்குள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

உள்ளே பிலோமினா என்ற பெண் ஸ்கேன் எடுத்தாள். கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது புளியங்கொட்டைதான்.

"இப்ப லேசா அழுத்திப் பார்க்கணும்," என்றாள் பிலோமினா.

நான் சுகந்திக்கு விளக்கினேன். அழுத்தினால் மெத்தென்ற சதை நசுங்கும். கெட்டியானது அவ்வளவாக நசுங்காது. அந்த வித்தியாசத்தை மெஷின் நிறமாக்கிக் காட்டும். இந்த மெஷினில் மெத்தென்றால் சிவப்பு, கெட்டி என்றால் நீலம். பூரி மாவை விரலால் அமுக்கிப் பார்ப்பாயே, அதேதான்.

"பூரி மாவுன்னா இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுப் பிசையலாம்," என்றாள் சுகந்தி.

விதிப்படி துணைக்கு வந்தவரை முதலில் அழுத்த வேண்டும். பிலோமினா என் நெஞ்சில் கருவியை வைத்தாள். திரை முழுக்கச் சிவப்பு. எலும்புகூடத் தெரியவில்லை.

"தெரிஞ்சதுதானே. டிவி விளம்பரத்துக்கே அழுவார்," என்றாள் சுகந்தி.

பிறகு பிலோமினா அவளை அழுத்தினாள். சிவப்பு, பச்சை, நடுவில் நீலம். நீலம் சப்போட்டா அளவு இருந்தது.

"ஏங்க பெரிசாயிடுச்சு?"

விளக்கினேன். சாதாரணக் கட்டி நிறப்படத்தில் பெரும்பாலும் பெரிதாகத் தெரியாது. மற்றது சுற்றியிருக்கும் சதையையும் இறுக்கியிருக்கும். அதனால்...

நிறுத்திக்கொண்டேன். நான் ஒரு விளக்கத்தைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல்முறை.

"ஊசியில எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்," என்றாள் பிலோமினா. நீலம் திரையிலிருந்து கட்டிலில் வழிந்தது. அவள் பஞ்சால் துடைத்தாள். போகவில்லை.

வெளியே தாழ்வாரம் நீலமாக, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீண்டிருந்தது. கட்டி முன்பே பஸ் ஏறி ஜன்னலோரம் கைக்குட்டை விரித்திருந்தது. ஒரு இடம்தான். சுகந்தி போய் உட்கார்ந்தாள்.

நானும் ஏறப்போனேன். கண்டக்டர் என் தோளை அழுத்திப் பார்த்தார். கட்டைவிரல் முழுதாக உள்ளே போய்விட்டது.

"நீங்க இதுல வர முடியாது சார்."

"நின்னுக்கிட்டே வரேன்."

"அடுத்த வண்டி பாருங்க."

"அடுத்தது எப்ப?"

"அது தெரியாது."

விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. நான் ஜன்னலோடு நடந்தேன்.

"என்னங்க," என்றாள் சுகந்தி. "அந்த மெஷின் எப்படி வேலை செய்யுது? முதல்லேருந்து சொல்லுங்க. அவசரப்படாம."

முதலில் லேசாக அழுத்த வேண்டும், என்று ஆரம்பித்தேன். ஜன்னல் கம்பியில் அவள் விரல்கள் இருந்தன. அழுத்தினேன். மெத்தென்றுதான் இருந்தன.

பஸ் வேகமெடுத்தது. நான் சிவப்பு வரைக்கும்தான் சொல்லியிருந்தேன்.